புதியது நுழையும் வாசல்: நீர், துப்புரவுத் துறைகளின் ஒப்பந்தப்புள்ளி முறை குறித்து ஒரு பயனாளரின் மதிப்புரை

புதிதாக வரும் நீர் வடிகட்டிக்கும் பம்புக்கும் கழிப்பறைத் தொகுதிக்கும் மதிப்புரைகள் எழுதப்படுகின்றன. ஆனால் அவற்றில் எதுவும் ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாயையோ பாதாளச் சாக்கடையையோ வந்தடைய வேண்டுமானால், பெரும்பாலும் டெண்டர் என்று எல்லாரும் அழைக்கும் ஒப்பந்தப்புள்ளி முறையைக் கடந்துதான் வர வேண்டும். குடிநீர் வழங்குவதும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் உலகின் பெரும்பகுதியில் அரசு அமைப்புகளின் கடமையாக இருப்பதால், இத்துறைகளில் வாங்குபவர் பொதுப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் அமைப்பே. அந்த முறையை விற்பவரின் பக்கத்திலிருந்து ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற தகுதியில், அதை ஒரு சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன். என் அளவுகோல் எளிமையானது. வேலை செய்வதாக நிரூபிக்கப்பட்ட ஒரு புதிய முறை, தேவைப்படும் மக்களைச் சென்று சேர இந்தச் சேவை உதவுகிறதா, எவ்வளவு காலத்தில் உதவுகிறது என்பதே அது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் இல்லாதவர்கள் சுமார் 220 கோடிப் பேர். அதே தரத்திலான துப்புரவு வசதி இல்லாதவர்கள் சுமார் 350 கோடிப் பேர். காலதாமதத்தை நான் பெரிதாகப் பேசுவதற்கு இந்த எண்களே காரணம்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். திறந்த அறிவிப்பு, எல்லாருக்கும் ஒரே ஆவணம், ஒரே கெடு, தொழில்நுட்ப உறையையும் விலை உறையையும் தனித்தனியே திறக்கும் ஒழுங்கு, பின்னாளில் தணிக்கையாளர் எடுத்துப் பார்க்கக்கூடிய கோப்பு ஆகியவற்றை இந்த முறை உண்மையாகவே தருகிறது. இணையவழிக்கு மாறிய பிறகு, உறையைச் சமர்ப்பிக்க யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. பெயர் தெரியாத சிறு நிறுவனமான எங்களால் பெரிய நிறுவனங்களுக்கு இணையாக விலைப்புள்ளி கொடுக்க முடிந்ததே இந்த ஒழுங்கினால்தான். எனவே இந்த முறையைத் தூக்கி எறிய வேண்டும் என்ற கருத்து எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. முன்பு வாங்கிய பொருளையே மறுபடியும் வாங்குவதற்கு, குழாய், வால்வு, குளோரின் உருளை போன்றவற்றுக்கு, இது தேர்ந்த சேவை. முன்பு வாங்காத ஒன்றை வாங்க வேண்டிய இடத்தில்தான் இது தடுமாறுகிறது.

நாங்கள் செய்வது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களுக்காகக் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டியில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் இடைவிடாமல் அளந்து, அதற்கேற்பப் புளோயர்களின், அதாவது காற்றூதும் இயந்திரங்களின், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் கட்டுப்பாட்டு அமைப்பு. நுண்ணுயிர்க் கசடைக் கொண்டு சுத்திகரிக்கும் நிலையங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டத்துக்கே போகிறது. இரவில் வரத்து குறைந்த பிறகும் புளோயர்கள் பகல் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள் பல உண்டு. இது உலகம் முழுவதும் அறிந்த சிக்கல். தீர்வும் புதிராக இல்லை.

எங்கள் முதல் வாடிக்கையாளராக வரவிருந்த ஒரு நீர் வாரியம், அமைப்பைப் பார்த்துவிட்டு, ஒரு தொட்டியில் மட்டும் கட்டணமின்றிப் பொருத்திக் காட்டுமாறு கேட்டது. பொருத்தினோம். புளோயர்களுக்கென்று தனி மின்மானி அங்கே இல்லாததால், பழைய செலவு எவ்வளவு என்று அறிய நாங்களே மானி வாங்கி வைத்து, முதல் இரண்டு மாதங்கள் எதையும் மாற்றாமல் அளந்தோம். அதன் பிறகு ஓர் ஆண்டு அமைப்பு ஓடியது. மின்செலவு தெளிவாகக் குறைந்தது. வெளியேறும் நீரின் தரமும் முன்பைவிடச் சீராக இருந்தது. நிலையத்தில் முறைப்பணியில் இயந்திரங்களை இயக்கும் பணியாளர்கள் அதை விரும்பினார்கள். செயற்பொறியாளர் கையொப்பமிட்ட நிறைவான அறிக்கை ஒன்றும் கிடைத்தது.

எங்கள் இடர் அதன் பிறகுதான் தொடங்கியது. எல்லாத் தொட்டிகளுக்கும் வாங்க வாரியம் முடிவெடுத்ததும், விதிப்படி திறந்த ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியிருந்தது. அதற்கான ஆவணம், வேறொரு பணிக்காக எப்போதோ எழுதப்பட்ட ஆவணத்தின் மேல் எழுதப்பட்டிருந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் இதே அளவிலான மூன்று பணிகளை முடித்ததற்கு, பணி ஆணையுடன் கூடிய முன் அனுபவச் சான்று வேண்டும் என்றது அது. எங்களிடம் இருந்த ஓராண்டு முன்னோட்டம் கட்டணமின்றி நடந்ததால் அதற்குப் பணி ஆணை இல்லை. எனவே அது அனுபவமாகக் கொள்ளப்படவில்லை. ஆண்டு விற்றுமுதல் நிபந்தனையும் எங்கள் அளவுக்கு மேலே இருந்தது. இவற்றையெல்லாம் எப்படியோ ஒரு பெரிய நிறுவனத்துடன் கூட்டாகச் சேர்ந்து கடந்துவிடலாம் என்று பார்த்தபோது, முன்னோட்டத்தின் போது தொழில்நுட்ப விவரங்களை வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே என்பதால், விவரக்குறிப்பைத் தயாரித்தவர் போட்டியிடலாமா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. இறுதியில் பணி, குறைந்த விலை கேட்டவருக்குப் போயிற்று. அவர் கொடுத்தது ஆக்சிஜனை மட்டும் அளக்கும் பழைய வகை. ஆவணத்தில் இருந்த சொற்களை அது முழுமையாக நிறைவு செய்தது.

அந்த நிலையத்தின் அதிகாரிகள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். புதியதை வாங்கி அது வெற்றி பெற்றால் அந்தப் பொறியாளருக்குத் தனியாக எதுவும் கிடைப்பதில்லை. தோற்றால், ஏன் குறைந்த விலையை விட்டீர்கள் என்ற தணிக்கைக் கேள்விக்கு ஓய்வு பெற்ற பிறகும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். மேலும் நீர்த்துறையில் தவறு நேர்ந்தால் அது கணினித் திரையில் தோன்றும் பிழையோடு நிற்பதில்லை. ஒரு ஊரே நோயில் விழக்கூடும். மண்ணுக்குள் புதைக்கும் குழாய் ஐம்பது ஆண்டுக்கு மேலும் அங்கே கிடக்கும். இந்தத் துறை மெதுவாக நகர்வதில் நியாயம் உண்டு. என் குறை வேறு: நிரூபணம் முடிந்த பிறகும் அந்த நிரூபணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடம் ஆவணத்தில் இல்லை என்பதே அது.

எதை வாங்குகிறோம் என்பதை ஆவணம் எப்படிச் சொல்கிறது என்பதில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. இத்தனை குதிரைத்திறன் கொண்ட இத்தனை புளோயர்கள், இந்த விட்டமுள்ள இந்த உலோகக் குழாய் என்று பொருளை விவரித்தால், அந்தப் பொருள்தான் வரும். வெளியேறும் நீரில் அம்மோனியா இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு கன மீட்டருக்கு மின்சாரம் இவ்வளவுக்கு மேல் ஆகக் கூடாது என்று பயனை விவரித்தால், அதை எட்டும் வழியைத் தேடும் பொறுப்பு விற்பவருக்கு வந்து சேர்கிறது. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரம், பூன்டன் நீர்த்தேக்கத்திலிருந்து நீர் தர ஒரு தனியார் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், நீர் தூயதாகவும் உடல்நலத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று கோரியது. ஆண்டில் சில நாட்கள் அப்படி இல்லை என்று நகரம் வழக்குத் தொடுத்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கலாம், அல்லது அதே பயனைத் தரும் வேறு வழியை நிறுவனம் காட்டலாம் என்று நீதிமன்றம் இடம் விட்டது. அந்த இடைவெளியில்தான் மருத்துவர் ஜான் லீல் குளோரின் சேர்க்கும் யோசனையை முன்வைத்தார். ஜார்ஜ் வாரன் ஃபுல்லர் வடிவமைத்த அந்த அமைப்பு 1908 செப்டம்பர் 26 அன்று இயங்கத் தொடங்கியது. குடிநீரில் ஒரு வேதிப்பொருளைக் கலப்பதா என்ற அச்சத்தினால் வழக்கு தொடர்ந்தது. சான்றுகளையும் நிபுணர்களின் வாக்குமூலங்களையும் ஆராய்ந்த பிறகு, 1910-இல் முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. அதன் பிறகு குளோரின் சேர்ப்பது நகரம் நகரமாகப் பரவியது. ஒப்பந்தத்தில் இத்தனை மைல் சாக்கடைக் குழாய் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நீதிமன்றத்துக்கு வேறு வழியை அனுமதிக்கக் காரணமே இருந்திருக்காது.

இந்த நிகழ்வை நான் பலரிடம் சொல்வதுண்டு. பயனை எழுதியதோடு நின்றுவிடாமல், அந்தப் பயன் கிடைத்ததா என்பதைச் சோதிக்க ஆய்வுக்கூட அளவீடுகளும் அவற்றைக் கேட்டு முடிவெடுக்க ஒரு நடுவரும் அங்கே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அளக்கத் தெரியாத வாரியம் பயனை எழுதினால், வாய்ச்சொல் விற்பவர்கள்தான் வெல்வார்கள்.

எங்களுடைய இரண்டாவது முயற்சி, வேறொரு நீர் வாரியத்தில் நடந்தது. அது வேறு மாதிரியான சேவை என்றே சொல்ல வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அறிவிக்கும் முன்பே, எங்களைப் போன்ற பலரையும் ஒரே அரங்கில் அழைத்து, தங்கள் சிக்கலை விளக்கி, சந்தையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டார்கள். எல்லாரும் சொன்னவற்றை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். ஆகவே விவரக்குறிப்பை யார் எழுதிக் கொடுத்தார் என்ற ஐயம் பின்னர் எழவில்லை. முன் அனுபவத்துக்குப் பதிலாக, சுயேச்சையான ஆய்வகம் உறுதி செய்த செயல்திறன் அறிக்கையையும் ஏற்றார்கள். விலையை மதிப்பிடும்போது, வாங்கும் விலையுடன் பத்து ஆண்டு மின்செலவையும் அளக்கும் உணரிகளை (சென்சார்) மாற்றும் செலவையும் கூட்டிக் கணக்கிட்டார்கள். எங்கள் வாங்கும் விலை போட்டியாளர்களில் ஒருவருடையதைவிட அதிகம். ஆயினும் ஆயுட்காலச் செலவில் நாங்கள் குறைவாக வந்தோம்.

ஆயுட்காலச் செலவு என்ற இந்த ஏற்பாட்டுக்கு என் மனமார்ந்த பரிந்துரை உண்டு, ஒரு கடுமையான எச்சரிக்கையுடன். மின்செலவை மதிப்பெண்ணாக்கிய உடனேயே, காகிதத்தில் மிகக் குறைந்த மின்செலவை எழுதும் ஆசை எல்லா விற்பவர்களுக்கும் வருகிறது. அந்த வாரியம் அதை முன்பே கண்டுகொண்டு, விலைப்புள்ளியில் எழுதிய மின்செலவை உத்தரவாதமாக்கி, இருதரப்பும் நேரில் இருக்கும் சோதனையில் அது தவறினால் பத்து ஆண்டு வித்தியாசத்தையும் பிணை வைப்புத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும் நிபந்தனையை வைத்தது. அந்த நிபந்தனையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் எழுத நினைத்திருந்த எண்ணை மறுநாள் சற்று உயர்த்திக்கொண்டோம். அந்த எண்தான் உண்மையானது. ஒரு ஆவணம் விற்பவனை உண்மை பேச வைக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இந்தப் பிரிவு இல்லாத ஆயுட்காலச் செலவு மதிப்பீட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்னோட்டத்துக்கும் கொள்முதலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அடைக்க, விதிகளிலேயே வழி செய்த இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த பொதுக் கொள்முதல் நெறிமுறை, புத்தாக்கக் கூட்டாண்மை என்ற தனி நடைமுறையை ஏற்படுத்தியது. சந்தையில் இல்லாத ஒன்றை உருவாக்குவதற்கும், அது உடன்பட்ட செயல்திறனையும் உச்சபட்சச் செலவையும் எட்டினால் மறுபடி ஒப்பந்தப்புள்ளி கோராமல் வாங்குவதற்கும், தொடக்கத்திலேயே ஒரே போட்டி நடத்தினால் போதும். அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய சிறு தொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டத்திலும், முந்தைய கட்டங்களில் போட்டியில் வென்று உருவான பொருளை அரசு அமைப்புகள் மூன்றாம் கட்டத்தில் புதிய போட்டியின்றி வாங்க இடமுண்டு. இரண்டிலும் போட்டி ஒழிக்கப்படவில்லை; முன்கூட்டியே நடத்தப்படுகிறது. எங்கள் முதல் வாரியத்திடம் இப்படியொரு நடைமுறை இருந்திருந்தால், முன்னோட்டத்துக்கே சிறு தொகைக்கான பணி ஆணையுடன் போட்டி வைத்திருப்பார்கள். அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றிருக்கவும் கூடும். அதை மனமுவந்து ஏற்றிருப்போம்.

உலக வங்கியும் 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தன் கொள்முதல் கட்டமைப்பில், மிகக் குறைந்த விலை என்ற பழைய வழக்கத்திலிருந்து பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்ற அணுகுமுறைக்கு நகர்ந்தது. 2023 செப்டம்பர் முதல், பெரும்பாலான பன்னாட்டுப் போட்டிக் கொள்முதல்களில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்றாக்கியது. கடன் பெறும் நாடுகளின் நீர்த் திட்டங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் மதிப்பெண் அட்டவணையை எழுதத் தெரிந்தவர்கள் உள்ளூர் வாரியத்தில் இல்லையென்றால், வழங்கும் நிறுவனத்தின் வயதுக்கும் விற்றுமுதலுக்குமே மறுபடியும் மதிப்பெண் போய்ச் சேரும்.

அபாயத்தை ஒரு வாரியம் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதற்கு நெதர்லாந்து நல்ல சான்று. காற்றூட்டிய கழிவுநீரில் துகள்களாகத் திரண்டு வளரும் நுண்ணுயிர்க் கசடைக் கொண்டு குறைந்த இடத்தில், குறைந்த மின்சாரத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நெரெடா முறை, டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்தது. அதை நகர அளவுக்குக் கொண்டுவர, பொறியியல் நிறுவனமும் நீர் வாரியங்களும், வாரியங்களின் பொது ஆய்வு அமைப்பான ஸ்டோவாவும் கைகோத்தன. எப்பே நகரில் 2012-இல் முறையாகத் திறக்கப்பட்ட நிலையம் அந்தக் கூட்டு முயற்சியின் விளைவு. முன்னோட்டத்தின் செலவையும் கற்றதையும் பல வாரியங்கள் பகிர்ந்துகொண்டபோது, எந்த ஒரு பொறியாளரும் தனியாகத் தணிக்கையின் முன் நிற்க வேண்டியிருக்கவில்லை. நான் பார்த்த மாதிரிகளில் மற்ற நாடுகள் பின்பற்றத் தகுந்ததாக இதையே முதலில் சொல்வேன்.

வாங்குபவரின் பக்கத்து அச்சம் ஒன்றையும் விற்பவனாகிய நான் ஒப்புக்கொள்ள வேண்டும். புதியதை ஒருவரிடம் மட்டுமே வாங்க முடியும் என்றால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உதிரிப்பாகத்துக்கும் பழுதுக்கும் அவரிடமே கையேந்த வேண்டியிருக்கும். அந்த அச்சம் கற்பனை அன்று. காற்றூட்டி வளர்த்த நுண்ணுயிர்க் கசடைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும், இன்று உலகெங்கும் பயன்படும் செயலூட்டு கசடு முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் அறிவித்தார்கள்; அந்த முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தின் மீது தொடுத்த வழக்கில் 1930-களில் வென்றது. நல்ல தொழில்நுட்பத்தை முன்வந்து ஏற்ற நகரமே நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. இதற்கு நேர்மாறான பாதை இந்தியா மார்க் 2 கைப்பம்பு. 1970-களில் யுனிசெஃபின் துணையுடன் உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்ட அந்தப் பம்பின் வடிவமைப்பு எவருடைய தனியுரிமையாகவும் வைக்கப்படவில்லை. 1979-இல் அதற்கு இந்தியத் தரநிலை வெளியிடப்பட்டது. எனவே எத்தனையோ உற்பத்தியாளர்கள் அதைச் செய்ய முடிந்தது. வாங்கும் அரசு அமைப்புகள் தரநிலை எண்ணைக் குறிப்பிட்டுத் திறந்த போட்டியில் வாங்க முடிந்தது. ஒருவர் செய்த பம்புக்கு இன்னொருவர் செய்த உதிரிப்பாகம் பொருந்தியது. ஒப்பந்தப்புள்ளி முறை புதியதொன்றைப் பெரும் எண்ணிக்கையில் வாங்கிய அரிய நிகழ்வு அது. அதற்குத் தரநிலைதான் சாவி.

சாக்கடை இணைப்பு இல்லாத இடங்களுக்கான கழிப்பறைகளுக்கு அத்தகைய சாவி பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ 2018-இல் வெளியிட்ட 30500 எண் தரநிலை. அங்கேயே சுத்திகரித்து வெளிவிடும் தொகுதி எதை எட்ட வேண்டும், வெளியேறும் நீரும் திடப்பொருளும் வாடையும் ஒலியும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அது பேசுகிறது. உள்ளே எந்த வேதியியல், எந்த வெப்பம் என்று கட்டளையிடவில்லை. ஆகவே வாங்குபவர், உற்பத்தியாளர் எவரையும் பெயர் சொல்லாமல், பயனைச் சொல்லி ஒப்பந்தப்புள்ளி கோர முடிகிறது. என்றாலும் அந்தச் சோதனைகளைச் செய்து முடிப்பது சிறு நிறுவனத்துக்குப் பெருஞ்செலவு. அதைப் பொதுநிதியிலிருந்து ஈடுசெய்ய வழி இல்லாத இடத்தில், தரநிலையும் பெரியவர்களுக்கு மட்டுமான வாசலாகிவிடக்கூடும்.

பணம் தாமதமாக வருவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் அறிந்ததே. முன்வைப்புத் தொகையும் பிணைத் தொகையும் மாதக்கணக்கில் முடங்கும்போது, சிறு நிறுவனம் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளவே முடியாமல் போகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இந்தச் சேவையை முதன்முறையாகப் பயன்படுத்தப் போகும் உருவாக்குநர்களுக்கு என் பரிந்துரை, கட்டணமில்லா முன்னோட்டத்துக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே. தொகை மிகச் சிறியதாக இருக்கட்டும். பணி ஆணை கேளுங்கள், அளவீட்டு முறையை இருதரப்பும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள், வெற்றி என்றால் என்ன, வெற்றி பெற்றால் அடுத்து எந்த நடைமுறை என்பதையும் அதே தாளில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத வாரியம் முன்னோட்டத்துக்கு இன்னும் தயாராகவில்லை. வாரியங்களின் பக்கத்தில் இருப்பவர்கள், புதியதை வாங்கும் எண்ணம் எழும் முன்பே புளோயர்களுக்கும் பம்புகளுக்கும் தனி மின்மானி வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய செலவு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் எந்த மேம்பாட்டையும் எவராலும் நிரூபிக்க முடியாது.

எங்கள் இரண்டாவது நிலையத்தில் சோதனை முடிந்து, உத்தரவாத எண்ணுக்குள் மின்செலவு நின்றது. சென்ற மாதம், முதல் வாரியத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் அந்த நிலையத்தைப் பார்க்க வந்தார். இயந்திரங்களைச் சிறிது நேரமே பார்த்தார். பெரும்பாலான நேரம் ஒப்பந்த ஆவணத்தின் மதிப்பீட்டுப் பிரிவையும் உத்தரவாத நிபந்தனையையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.